செங்குன்றம் ஏரியிலிருந்து கிளம்பியவர்கள்

இரண்டாம் உலகப் போரின்போது செங்குன்றம் ஏரி பிரிட்டிஷ் விமானப்படையின் பறக்கும் படகுத் தளமாக இருந்தது. 1942-ன் நடுவில் 240ஆம் ஸ்குவாட்ரன் தன் கேடலினா விமானங்களோடு இங்கே வந்து சேர்ந்தது. போர் முடியும்வரை வங்காள விரிகுடாவின் மேல் ரோந்து பறந்தது இந்தத் தண்ணீரிலிருந்துதான். எம்.கே.பி. நகரிலிருந்து எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை வழியாக மூலக்கடை போய், ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே திரும்பினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அந்த ஏரிக்கரை வந்துவிடும். அரசுக் கணக்கில் அது புழல் ஏரி. வட சென்னை நெடுங்காலமாகக் குடித்துவரும் தண்ணீர். அதில் குண்டு சுமந்த விமானங்கள் இறங்கி ஏறிய காலம் ஒன்று இருந்தது. கிளம்பிப் போனவர்களில் எல்லாரும் திரும்பி வரவில்லை. வராதவர்களின் பெயர்கள் எங்கே எழுதப்பட்டன, யார் எழுதினார்கள், யாருடைய பெயர்கள் விடுபட்டன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

கேடலினாவைக் குண்டுவீச்சு விமானம் என்று சொன்னால் சிலர் மறுக்கக்கூடும். அதன் அமெரிக்கக் குறியீடே பதில் சொல்லிவிடும். பி.பி.ஒய். என்ற மூன்று எழுத்துகளில் முதலாவது ரோந்தையும் இரண்டாவது குண்டுவீச்சையும் குறிக்கின்றன. மூன்றாவது, அதைக் கட்டிய கன்சாலிடேட்டட் நிறுவனத்துக்கான அடையாள எழுத்து. இறக்கையின் இரு முனைக்கும் இடையே 104 அடி. ஏறத்தாழ 1,800 கிலோ எடையுள்ள குண்டுகளையோ நீர்மூழ்கிக் கப்பலைத் தாக்கும் ஆழ்கடல் வெடிகளையோ சுமக்கும். வேகம் குறைவு, மணிக்குச் சுமார் இருநூறு கிலோமீட்டர். ஆனால் தரையைத் தொடாமல் பதினைந்து இருபது மணி நேரம் வானத்திலேயே கிடக்கும். அதனால்தான் கடலைக் காவல் காக்க அதை அனுப்பினார்கள்.

சென்னைக்குக் கடல்வழியாகப் போர் வந்தது இரண்டாம் உலகப் போரில்தான் முதல் தடவை என்றில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. சாமர்த்தியக்காரனை ‘அவன் எம்டன்’ என்று சொல்லும் வழக்கை அந்த ஒரு ராத்திரி தமிழுக்குக் கொடுத்தது. 1942-ல் அச்சம் இன்னும் பெரிதாக இருந்தது. சிங்கப்பூர் பிப்ரவரியில் விழுந்தது, ரங்கூன் மார்ச்சில். ஏப்ரல் 5 அன்று கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ஆம் தேதி திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுக்கு ஆளாயின. அதே நாட்களில் வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன.

சென்னை காலியானது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீட்டுப் பெரியவர்கள் ‘எவாக்குவேஷன்’ என்று ஆங்கிலத்திலேயே சொன்ன காலம் அதுதான். அரசு அலுவலகங்கள் உள் மாவட்டங்களுக்கு மாறின. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய மாநகராட்சி விலங்குக் காட்சியகத்தில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் சிங்கங்களையும் புலிகளையும் சுட்டுக் கொன்றார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துத் தொழிலாளர்களில் பலருக்கு ஓடிப்போக ஊர் இல்லை. துறைமுகமும் ரயில்வேயும் மில்லும் நின்றுவிடவும் முடியாது. பின்னி மில்லின் காக்கித் துணிக்குப் போர்க்காலத்தில் இருந்த கிராக்கியைச் சொல்லவே வேண்டாம். எம்.கே.பி. நகர் என்ற பெயர் அப்போது கிடையாது. மகாகவி பாரதியார் நகர் பிற்காலத்தில் எழுந்த குடியிருப்பு. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று இரவில் வந்து துறைமுகப் பக்கம் குண்டு வீசிப் போனது. எம்டன் அளவுக்கு அது பேசப்படவில்லை.

இந்தப் பின்னணியில்தான் சென்னை மாகாணமெங்கும் விமானத் தளங்கள் முளைத்தன. அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு, சூலூர் என்று பட்டியல் நீளும். வட சென்னைக்கு அருகில் இருந்தது சோழவரம். செங்குன்றத்தில் தண்ணீரில் இறங்கினார்கள். சற்று வடக்கே சோழவரத்தில் தரையில் இறங்கினார்கள். 1942-ல் சோழவரத்துக்கு வந்த படைகளில் ஒன்று 82ஆம் ஸ்குவாட்ரன். அதன் பழைய கதையைத் தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணைக் கேட்டாலே மனம் கனக்கும். 1940 ஆகஸ்ட் 13 அன்று டென்மார்க்கின் ஆல்போர்க் விமானத் தளத்தைத் தாக்க அந்த ஸ்குவாட்ரனின் 12 பிளென்ஹைம் விமானங்கள் இங்கிலாந்திலிருந்து கிளம்பின. ஒன்று பாதி வழியில் திரும்பிவிட்டது. மீதிப் பதினொன்றும் சுட்டு வீழ்த்தப்பட்டன. ஒரே நாளில் ஸ்குவாட்ரனே இல்லாமல் போய், மறுபடி ஆள் சேர்த்து, மறுபடி விமானம் வாங்கி, கடைசியில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து வயல்வெளியில் வந்து வெஞ்சென்ஸ் என்ற டைவ் குண்டுவீச்சு விமானத்தைப் பழகியது.

கேடலினாவின் வயிற்றுக்குள் எட்டு முதல் பத்துப் பேர் இருப்பார்கள். இரண்டு விமானிகள், ஒரு நேவிகேட்டர், வயர்லெஸ் ஆபரேட்டர்கள், ஃப்ளைட் இன்ஜினியர், துப்பாக்கி வீரர்கள். இன்ஜினியரின் இருக்கை உடலையும் இறக்கையையும் இணைக்கும் தூணுக்குள் இருந்தது. விமானி அவரோடு பேசியது பெரும்பாலும் சின்னச் சின்ன விளக்குகள் மூலம். பின்பக்கத்தில் இரு புறமும் கண்ணாடிக் குமிழ் போலப் புடைத்த ஜன்னல்கள். அவற்றுக்குள் ஒருவர் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீர்மூழ்கியின் பெரிஸ்கோப் கிழிக்கும் வெள்ளைக் கோடு, எண்ணெய்ப் படலம், கவிழ்ந்த உயிர்காப்புப் படகு, இவற்றில் ஏதாவது கண்ணில் படவேண்டும். மாற்றி மாற்றிப் படுக்கக் கட்டில்களும், தேநீர் போட ஒரு சின்ன அடுப்பும் உள்ளேயே இருந்தன. நீண்ட ரோந்தின் பெரும்பகுதியில் ஒன்றுமே நடக்காது. அந்த வேலையின் முதல் கஷ்டம் சலிப்புதான் என்று சொன்னால் தவறில்லை.

நடக்கும்போதோ நிமிடங்களில் முடிந்துவிடும். 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலைத் தளத்திலிருந்து போன ஒரு கேடலினா ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டுபிடித்தது. கனடா விமானப்படையின் 413ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த லெனார்ட் பர்ச்சால் அதன் தலைமை விமானி. செய்தியை வயர்லெஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானிய ஜீரோ சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டன. கடலில் விழுந்த விமானத்தின் ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள், மற்றவர்கள் சிறைப்பட்டார்கள். பர்ச்சால் உயிர் பிழைத்து, ‘இலங்கையின் ரட்சகர்’ என்று பத்திரிகைகளில் பெயர் வாங்கினார். இறந்த மூவரின் பெயரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். குண்டுவீச்சு விமானக் குழுவினரின் நினைவு பெரும்பாலும் இப்படித்தான் பங்கிடப்பட்டிருக்கிறது: விமானிக்குப் புகழ், பின்னால் உட்கார்ந்தவருக்கு ஒரு வரி.

செங்குன்றத்துக் கேடலினாக்களுக்கு ரோந்து மட்டும் வேலையாக இல்லை. பர்மா, மலாயாக் கரைகளில் இருட்டில் இறங்கி ஒற்றர்களை விட்டுவருவதும் உண்டு. இதற்கென்றே 1944 மார்ச்சில் 628ஆம் ஸ்குவாட்ரன் செங்குன்றத்தில் உருவாக்கப்பட்டு, அந்த ஆண்டிலேயே கலைக்கப்பட்டது. கடலில் விழுந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானக் குழுவினரைத் தேடிப் போவது இன்னொரு வேலை. 1945-ல் பெரிய சண்டர்லேண்டு பறக்கும் படகுகளும் ஏரிக்கு வந்தன. ஏரியில் ஓடுபாதைக் கோடு கிடையாது. மிதவைகளில் விளக்கு ஏற்றித்தான் இரவில் இறங்கும் திசையைக் காட்டவேண்டும். விமானம் மிதவையில் கட்டப்பட்டிருக்கும். குழுவினர் படகில் போய் ஏறுவார்கள், படகில் வந்து இறங்குவார்கள். வராத விமானத்துக்கு அடையாளம், கட்டப்படாமல் ஆடிக்கொண்டிருக்கும் அந்த வெற்று மிதவை.

சென்னையின் பெயரும் வானத்தில் பறந்தது; அது தனிக்கதை. இரண்டாம் உலகப் போரில் விமானம் வாங்கச் சென்னை மாகாணம் பணம் திரட்டிக் கொடுத்ததற்கு ஈடாக, பிரிட்டிஷ் விமானப்படையின் சில ஸ்குவாட்ரன்கள் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற அடைமொழியைப் பெற்றன. 35, 79, 99, 234, 264 ஆகியவை அவற்றில் அடங்கும். இந்த நன்கொடைத் திட்டத்தில் ஸ்பிட்ஃபயர் ஒன்றுக்குப் பேச்சுவிலை 5,000 பவுண்டு. இரட்டை இன்ஜின் குண்டுவீச்சு விமானத்துக்கு 20,000. ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்ற அன்றைய மாற்று விகிதத்தில் குண்டுவீச்சு விமானம் ஒன்று இரண்டேமுக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பஞ்சமும் ரேஷனும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாகாணத்தில் இது சின்னத் தொகை இல்லை. ‘விருப்ப’ நிதி என்று பெயர். கலெக்டர் கேட்டால் ஜமீன்தாருக்கும் மண்டிக்காரருக்கும் எவ்வளவு விருப்பம் இருந்திருக்கும் என்பதை அந்தக் காலத்து நிர்வாகத்தை அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அவற்றில் 99ஆம் ஸ்குவாட்ரன் குண்டுவீச்சுப் படை. 1917-ல் தொடங்கப்பட்ட அது, சென்னையின் பெயர் ஒட்டுவதற்கு முன்பே ரத்தம் சிந்தியிருந்தது. 1918 ஜூலை 31 அன்று இரண்டு பேர் உட்காரும் டி.எச்.9 விமானங்கள் பன்னிரண்டு ஜெர்மனியின் மைன்ஸ் நகரைத் தாக்கக் கிளம்பின. மூன்று இன்ஜின் கோளாறால் திரும்பின. மிச்சம் ஒன்பதில் ஏழு சார்ப்ரூக்கன் பக்கம் வீழ்ந்தன. 1939 டிசம்பர் 14 அன்று அதே ஸ்குவாட்ரனின் பன்னிரண்டு வெல்லிங்டன்கள் ஜெர்மானியக் கடற்கரைக்குப் போய், ஐந்தை அங்கேயே இழந்து, ஆறாவதைத் திரும்பி வந்து தரையில் இழந்தன. பகலில் பாதுகாப்பில்லாமல் குண்டுவீச்சு விமானத்தை அனுப்பக்கூடாது என்ற பாடத்தை அந்த மாதத்து இழப்புகள்தான் பிரிட்டனுக்குக் கற்பித்தன. பிறகு அந்தப் படை இரவுக்கு மாறியது. போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்துவிட்டார்கள். நூற்றுக்கு நாற்பத்து நான்கு. அவர்களுக்கென்று லண்டனில் ஒரு நினைவகம் எழுந்தது 2012-ல்தான். ஜெர்மானிய நகரங்களில் குடிமக்கள் மேல் போட்ட குண்டுகள் குறித்த சங்கடமே அந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம்.

99ஆம் ஸ்குவாட்ரன் 1942-ல் இந்தியாவுக்கு வந்தது. வங்காளத் தளங்களிலிருந்து முதலில் வெல்லிங்டன்களிலும், 1944 முதல் நாலு இன்ஜின் லிபரேட்டர்களிலும் பர்மாவைத் தாக்கியது. 1945-ல் கோகோஸ் தீவுகளுக்கு மாறியது. மெட்ராஸ் பெயரைச் சுமந்த அந்தப் படையில் பறந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா நாட்டு இளைஞர்கள். அவர்களில் பலர் சென்னையைப் பார்த்ததே கிடையாது.

இந்தியர்கள் குண்டுவீச்சு விமானங்களில் பறக்கவில்லையா என்றால், பறந்தார்கள். இந்திய விமானப்படையின் தன்னார்வ ரிசர்வ் பிரிவு போரின் தொடக்கத்திலேயே கடலோரப் பாதுகாப்பு அணிகளை அமைத்தது. முதல் அணி சென்னையில் இருந்தது. வாபிட்டி என்ற பழங்கால இரட்டை இறக்கை விமானத்தைக்கூட வைத்துக்கொண்டு அவர்கள் கப்பல்களுக்குத் துணை பறந்தார்கள். பிறகு அந்த அணிகள் கலைக்கப்பட்டு, அதிலிருந்தவர்கள் பல ஸ்குவாட்ரன்களுக்குப் பிரிக்கப்பட்டார்கள். இந்திய விமானப்படையின் 7, 8ஆம் ஸ்குவாட்ரன்கள் வெஞ்சென்ஸ் விமானங்களோடு பர்மா எல்லையில் சண்டையிட்டன. வெஞ்சென்ஸில் இருவர்: முன்னால் விமானி, அவருக்கு முதுகைக் காட்டிப் பின்னால் துப்பாக்கி வீரர். செங்குத்தாகப் பாயும்போது பின்னால் இருப்பவர் பார்ப்பது தரையை இல்லை, வானத்தை.

கேடலினாவில் தலைமை விமானியாக இருந்த இந்தியர் ஒருவரையும் சொல்லவேண்டும். 1930-ல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் ஆகாகான் பரிசுப் போட்டியில் ஜே.ஆர்.டி. டாட்டாவோடும் ஆஸ்பி இன்ஜினியரோடும் மோதிய மன்மோகன் சிங்தான் அவர். ‘மிஸ் இந்தியா’ என்று தன் விமானத்துக்குப் பெயர் வைத்தவர். போரில் பிரிட்டிஷ் விமானப்படையோடு பறந்து, 1942 மார்ச் 3 அன்று ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் ஜப்பானியர் நடத்திய தாக்குதலில் உயிரிழந்தார். பந்தயத்தில் அவர் வழி தவறிப்போன கதைகள் இன்னும் சுவையாகச் சொல்லப்படுகின்றன. கேடலினாவோடு மடிந்த கதை அந்த அளவு சொல்லப்படுவதில்லை.

விமானம் திரும்பாத அன்று தொடங்கும் அலுவலக நடைமுறைக்கு ஒரு வகைக் கொடூர ஒழுங்கு இருந்தது. முதலில் தந்தி: காணவில்லை என்று மட்டும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, அதற்கென அமைக்கப்பட்ட குழு காணாமல் போனவரின் பெட்டியைத் திறந்து பொருள்களைப் பட்டியல் போடும். கடிதம், புகைப்படம், ரேசர், சட்டை. அரசுக்குச் சொந்தமானது ஒரு பக்கம், வீட்டுக்கு அனுப்பவேண்டியது ஒரு பக்கம். வீட்டாரைப் புண்படுத்தக்கூடியது ஏதாவது இருந்தால் எடுத்துவிடுவதும் அந்தக் குழுவின் வேலை. செய்தியே இல்லாமல் ஆறு மாதம் ஓடினால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது வழக்கம். அந்த ஆறு மாதத்தை ஒரு தாய் எப்படிக் கழிப்பாள் என்பதற்கு எந்தக் கோப்பிலும் பத்தி கிடையாது.

போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையில் மட்டும் ஏறத்தாழ 42,000 பேர் இருந்த இடம் தெரியாதவர்கள். காணாமல் போனவர்களைத் தேடவே ஒரு பிரிவு அமைத்து ஐரோப்பாவிலும் பர்மாக் காடுகளிலும் அலைந்தார்கள். விமானத்தின் உடைந்த துண்டிலிருக்கும் எண், சட்டைக் காலரில் சலவைக்காரர் போட்ட குறி, பல்லின் அமைப்பு இவற்றை வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்குக் கல்லறை கிடைத்தது. கடலில் விழுந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. செங்குன்றத்திலிருந்து போய்த் திரும்பாதவர்களின் நிலை பெரும்பாலும் இதுதான்.

பெயர்களைக் காக்கும் பொறுப்பு அன்று இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் என்றும், இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்றும் அழைக்கப்படும் அமைப்பிடம் இருக்கிறது. ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் 1917-ல் தொடங்கியது. உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. எல்லாருக்கும் ஒரே அளவு கல். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் வேறுபாடு இல்லை என்பவை அதன் விதிகள். பணக்காரக் குடும்பங்கள் எதிர்த்தபோதும் ஆணையம் மசியவில்லை. கல்லின் வழக்கமான உயரம் 81 சென்டிமீட்டர். மேலே படைப்பிரிவின் சின்னம். விமானப்படைக்கு மகுடத்தின் கீழ் சிறகு விரித்த கழுகு. அதன் கீழே எண், பதவி, பெயர். விமானப்படைக் கல்லில் மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு: விமானியா, நேவிகேட்டரா, வயர்லெஸ் ஆபரேட்டரா, துப்பாக்கி வீரரா என்ற வேலைப் பெயர். பிறகு தேதியும் வயதும். பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு என்றே வயதுகள் வரும். கடைசியில் குடும்பத்தார் விரும்பினால் ஒரு வரி சேர்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் அதற்கு 60 எழுத்து உச்சவரம்பு. முழுக் குழுவும் சேர்ந்து எரிந்து யார் யாரென்று பிரிக்கமுடியாமல் போனால் கற்களை இடைவெளி விடாமல் தோளோடு தோள் நிற்கவைப்பார்கள். இடைவெளி இல்லாத கல்வரிசை கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் விமானக் குழு.

சென்னையில் அந்த ஆணையத்தின் இடம் நந்தம்பாக்கத்தில், மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் இருக்கிறது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் கன்டோன்மென்ட் கல்லறைகளிலும் ஊர்க் கல்லறைகளிலும் சிதறிக் கிடந்த போர்க்காலக் கல்லறைகளை நிரந்தரமாகப் பராமரிக்க வழியில்லை என்று கண்டு, அவற்றை ஓரிடத்தில் சேர்க்க 1952-ல் இதை அமைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் இங்கே இருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்து, கல்லறையைக் காக்கமுடியாமல் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் தனி நினைவுச் சுவரில் உள்ளன. ஆண்டுதோறும் நவம்பரில் மலர்வளையம் வைக்கிறார்கள். மற்ற நாட்களில் புல் வெட்டும் தோட்டக்காரர்களும் மரத்து அணில்களும்தான்.

கடலில் போனவர்கள் அங்கே இல்லை. தெற்கு, கிழக்கு ஆசியாவின் தரையிலும் கடலிலும் மறைந்து கல்லறை கிடைக்காத விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவகத்தில் பொறிக்கப்பட்டன. 1957 மார்ச் 2 அன்று அது திறக்கப்பட்டது. கூரை விமான இறக்கை போல நீண்டிருக்கும். நடுவே 22 மீட்டர் உயரத்துக்கு விமான வால் போன்ற தூண் எழும்பும். கீழே நிற்கும் தூண்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். செங்குன்றம் ஏரியில் காலையில் படகேறியவருக்குக் கல் வைத்த இடம், வங்காள விரிகுடாவைத் தாண்டி, சிங்கப்பூரில் ஜொகூர் ஜலசந்திக்கு அருகே ஒரு சிறு மேடு.

போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் எழுதுவது தமிழனுக்குப் புதிதில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்களில் ஒன்று தமிழி எழுத்தில் ஆநிரைப் பூசலில் இறந்தவனின் ஊரையும் பெயரையும் சொல்கிறது. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. ஒரு வித்தியாசம்: நடுகல் பெரும்பாலும் எதற்காகச் செத்தான் என்று சொல்லும். ஆணையத்தின் கல் அதைச் சொல்வதில்லை. போர் சரியா தவறா என்ற பேச்சுக்கே போகாமல் பெயரை மட்டும் காப்பதுதான் அதன் பலம். அதுவே அதன் வசதியான மௌனமும்கூட.

அந்த மௌனத்தின் மறுபக்கத்தில் தமிழர்கள் இருக்கிறார்கள். சயாம்–பர்மா ரயில் பாதை, தமிழர் வாயில் ‘சயாம் மரண ரயில்’, 415 கிலோமீட்டர். 1942–43-ல் ஜப்பானியர் அதைப் போட்டபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாக ரயிலேற்றினார்கள். பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் முக்கால் லட்சத்துக்கும் மேல் என்று கணிக்கப்படுகிறது. காலராவுக்கும் பசிக்கும் தப்பி அந்தப் பாதையைப் பராமரிக்க நின்றவர்கள் தலைமேல்தான், 1944–45-ல் இந்தியத் தளங்களிலிருந்து போன லிபரேட்டர்கள் பாலங்களைத் தகர்க்கக் குண்டு போட்டன. கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலும் தன்பியூசயாட்டிலும் ஆணையம் வரிசை வரிசையாகக் கல் வைத்திருக்கிறது. தொழிலாளர்களுக்கு எண் இருந்தது, கணக்கு இருந்தது, பெயருள்ள கல் இல்லை. அண்மைக் காலத்தில் தமிழர்கள் சிலர் காஞ்சனபுரியில் அவர்களுக்காக ஒரு நடுகல்லை நாட்டினார்கள்.

ஆணையமும் தன் விதியை எல்லா இடத்திலும் காக்கவில்லை. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் முதலிய 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று அதுவே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

விமானப்படையினரின் கதையைச் சொல்வதில் தமிழ் சினிமா போர் நடக்கும்போதே முந்திக்கொண்டது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1945-ல் வெளியிட்ட ‘பர்மா ராணி’, ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவில் சிக்கிக்கொள்ளும் இந்திய விமானப்படையினரின் கதை. கே.எல்.வி. வசந்தாவும் ஹொன்னப்ப பாகவதரும் நடித்தார்கள். இயக்குநர் டி.ஆர். சுந்தரமே ஜப்பானிய அதிகாரியாக வந்து மிரட்டினார். ஃபிலிமுக்குப் பஞ்சம், படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம், போர் ஆதரவுப் படம் எடுக்கச் சொல்லி ஸ்டுடியோக்களுக்கு அரசு நெருக்கடி. அந்தச் சூழலில் பிறந்த பிரசாரப் படம்தான் அது. அதே நேரத்தில் மலாயாத் தமிழ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்தார்கள். அவர்களுக்கு அந்த விமானம் எதிரியின் விமானம். திரையரங்கில் உட்கார்ந்திருந்த சென்னைக்காரர் ஒருவருக்கு அண்ணன் விமானப்படையிலும் தம்பி ஐ.என்.ஏ.விலும் இருந்திருக்கலாம். அந்தச் சிக்கலைப் படம் தொடவில்லை, தொட்டிருந்தால் தணிக்கை விட்டிருக்காது.

போர் முடிந்ததும் தளங்கள் வேறு வேலைக்குப் போயின. சோழவரம் ஓடுபாதையில் ஐம்பதுகளிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. குண்டு ஏற்றிய விமானம் ஓடிய சிமெண்டுத் தளத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறின. வட சென்னையிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தவர்கள் ஏராளம். தொண்ணூறுகளில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. செங்குன்றம் ஏரி மறுபடி குடிநீர் ஏரி மட்டும் ஆனது. கோட்டைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலை தொடங்கும் இடத்தில் இருக்கும் போர் நினைவுச் சின்னம் முதல் உலகப் போருக்காகக் கட்டப்பட்டது; பிறகு இரண்டாம் உலகப் போரும், காஷ்மீர், சீன, பாகிஸ்தான் போர்களும் அதில் சேர்க்கப்பட்டன. பிரிட்டிஷ் அரசுக்காக இறந்தவரும் சுதந்திர இந்தியாவுக்காக இறந்தவரும் அங்கே ஒரே வட்டத்துக்குள் நினைவுகூரப்படுகிறார்கள்.

ஆணையத்தின் பதிவேட்டில் இன்று யாரும் பெயரைத் தேடலாம், கட்டணம் இல்லை. தாத்தாவின் தம்பி பட்டாளத்தில் காணாமல் போனார் என்று வீட்டில் பேச்சு இருந்தால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆனால் அன்றைய குமாஸ்தாக்கள் தமிழ்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடிதான் ஆங்கிலத்தில் எழுதினார்கள். முனுசாமிக்கு நாலு ஸ்பெல்லிங், துரைசாமிக்கு ஐந்து. இனிஷியல் சில இடங்களில் பெயராகியிருக்கும், அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். ஒரு ஸ்பெல்லிங்கில் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாமல் மற்றதையும் போட்டுப் பார்க்கவேண்டும்.